அமெரிக்கக் கல்லூரியில் ஃப்ரெட்டர்னிட்டி: சேரும் முன்பும் பட்டம் வாங்கிய பின்பும்

அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே வரும் கேள்வி இது: ஃப்ரெட்டர்னிட்டியில் சேரலாமா, வேண்டாமா? தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும், கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கம்தான் ஃப்ரெட்டர்னிட்டி; பெண்களுக்கு என்றால் சொரோரிட்டி. ஊரிலிருந்து போனில் பேசும் அப்பா, "அது குடிகாரக் கூட்டம், அந்தப் பக்கமே போகாதே" என்பார். விடுதி அறைத்தோழன், "சேர்ந்துட்டா வேலையைப் பத்திக் கவலையே இல்லை" என்பான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அங்கே இன்று இருக்கும் இருபது வயதுப் பையன்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள் போய்விடுவார்கள். அங்கிருந்து படித்துப் போன பழைய ஆட்கள் திரும்பி வருகிறார்களா, வந்தால் எதற்கு வருகிறார்கள் என்று பாருங்கள். நல்ல இடம் எது, ஒதுங்க வேண்டிய இடம் எது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதலில், உங்களால் சேர முடியுமா?

எம்.எஸ். படிக்க வந்தவர்கள் பொதுவாகச் சேர முடியாது. வளாகத்தில் வீடு வைத்து, பார்ட்டி நடத்தி, கிரேக்க எழுத்துச் சட்டை போட்டுத் திரியும் ஃப்ரெட்டர்னிட்டிகள் இளங்கலை மாணவர்களுக்கானவை. முதுகலை மாணவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. நல்ல மதிப்பெண் இருந்தால் பொறியியலில் டாவ் பீட்டா பை, மின்னியலில் ஈட்டா கப்பா நூ போன்ற கௌரவ அமைப்புகளிலிருந்து அழைப்பு வரும். அழைப்பு வந்தால் தட்டிக் கழிக்காதீர்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும், அந்த வரியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கும் ஆட்களும் உண்டு.

இளங்கலையிலும் எல்லாக் கல்லூரிகளிலும் வந்தவுடன் சேர முடியாது. சில இடங்களில் முதல் செமஸ்டர் முடிந்து, மதிப்பெண் வந்த பிறகுதான் அனுமதி. டார்ட்மத் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் கல்லூரி வந்தவுடன் அனுமதித்தாலும் ஒரு செமஸ்டர் தள்ளிப் போடுங்கள். புது நாடு, புதுக் குளிர், புதுப் பாடமுறை எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது இதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எத்தனை வகை, யாருக்கு எது

கிரேக்க எழுத்தில் பெயர் வைக்கும் வழக்கம் 1776ல், வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பாவோடு தொடங்கியது. பின்னாளில் அது படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் பார்க்கும் மாதிரியானவை 1825 முதல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் முளைத்தவை. ஒஹையோவில் இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்தில் பிறந்த பீட்டா தீட்டா பை (1839), ஃபை டெல்டா தீட்டா (1848), சிக்மா கை (1855) மூன்றும் இன்றும் நாடு முழுக்கக் கிளைகளோடு நிற்கின்றன. கிளைக்கு அங்கே சேப்டர் என்று பெயர். பெரிய தூண் வைத்த வீடு, சமையல்காரர், நூறு வருடத்துப் பெயர்ப் பட்டியல், ஓய்வு பெற்ற நீதிபதி முதல் வங்கித் தலைவர் வரை பழைய உறுப்பினர்கள் என்று இவற்றின் வாழ்க்கையே தனி. இவற்றில் சிலவற்றில், முழு உறுப்பினராகச் சேர்க்கும் உறுதியேற்புச் சடங்கில் கிறிஸ்தவச் சாயல் இருக்கும். சடங்கு ரகசியம் என்பார்கள். ஆனாலும் மத உறுதிமொழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்வார்கள். உங்களுக்கு அது முக்கியமென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த வீடுகளில் பல, நீண்ட காலம் வெள்ளையர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தன. அதனால் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டவை இன்று டிவைன் நைன் எனப்படும் ஒன்பது அமைப்புகள். அவற்றில் மூத்தது 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். பெண்களுக்கான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே படித்த கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். 2020ல் துணை அதிபர் வேட்பாளராக அவர் பேசிய மேடையில் தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கியபோது சித்திகளையும் சொன்னார், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் சொன்னார். நம் ஆட்கள் அன்று சித்தி என்ற சொல்லைக் கேட்டுப் பூரித்துப் போனார்கள். பட்டம் வாங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆன ஒருவர் தன் சொரோரிட்டியையும் அதே பட்டியலில் வைத்தாரே, அதையும் கவனியுங்கள். இந்த அமைப்புகளில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே தனிச் சேப்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது இவற்றில் சேராதவர்கள் பட்டம் வாங்கிய பிறகு அதன் வழியாகவும் சேரலாம்.

தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை இன்னும் புதியவை. பிங்ஹாம்டனில் ஐயோட்டா நூ டெல்டா (1994), ஆஸ்டின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெல்டா எப்சிலான் சை (1998), லாஸ் ஏஞ்சலஸில் பீட்டா கை தீட்டா (1999). பெண்களுக்கு ஹூஸ்டனில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா (1998). பெரும்பாலும் சொந்த வீடு இருக்காது, ஆட்களும் குறைவு, அதனால் செலவும் குறைவு. மிக மூத்த உறுப்பினருக்கே இப்போதுதான் ஐம்பது வயதுப் பக்கம் இருக்கும். பெரிய நிறுவனத் தலைவர்களை இங்கே அதிகம் தேட முடியாது; ஆனால் நடுவயதில் வேலையில் இருக்கும் பொறியாளரும் மருத்துவரும் போன் எடுத்துப் பேசுவார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: உறுப்பினர்களில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கர்பாவும் பாங்க்ராவும் நிறைய நடக்கும். "ஹிந்தி தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

தொழில் சார்ந்தவையும் உண்டு: பொறியியலுக்கு தீட்டா டாவ், வணிகத்துக்கு ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை. ஆல்ஃபா ஃபை ஒமேகா சமூக சேவைக்கானது. இவற்றில் ஆண், பெண் இருவரும் சேரலாம். தொழிலோ சேவையோ சாராத வழக்கமான ஃப்ரெட்டர்னிட்டி ஒன்றில் உறுதியேற்றுவிட்டால் அதே வகையில் இன்னொன்றுக்குத் தாவ முடியாது. தொழில், சேவை, கௌரவ அமைப்புகளில் கூடவே இருக்கலாம். வீட்டுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தொழில் அமைப்புகளைத்தான்.

போய்ப் பார்க்கும் முன் விசாரித்துவிடுங்கள்

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. புதியவர்களைத் துன்புறுத்தியதாக விசாரணையில் உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயரையும் அவை செய்ததையும் கல்லூரிகள் வெளிப்படையாகப் பதிப்பிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் கல்லூரி இணையதளத்தில் ஹேஸிங் என்று தேடினால் அந்த அறிக்கை கிடைக்கும். முதலில் அதைப் படியுங்கள். பெயர் அதில் இல்லை என்பதாலேயே சுத்தம் என்று அர்த்தமில்லை. பெயர் இருந்தால் தள்ளியே இருங்கள்.

அடுத்தது பணம். செமஸ்டருக்குச் சில நூறு டாலர் கேட்கும் இடமும் உண்டு, ஆயிரங்களில் கேட்கும் இடமும் உண்டு. சந்தா எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் செமஸ்டரில் மட்டும் வாங்கும் உறுதியேற்புக் கட்டணம், தேசியத் தலைமையகத்துக்குப் போகும் பங்கு, காப்பீடு, சட்டை, ஃபார்மல் எனப்படும் ஆண்டு நடன விருந்து, கூட்டத்துக்கு வராவிட்டால் போடும் அபராதம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதும் பட்டியலில் இருக்கட்டும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும். அந்தச் சம்பளத்தை நம்பிச் சந்தா கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ரஷ்: இரண்டு பக்கமும் பார்க்கும் நாட்கள்

ஆள் சேர்க்கும் நாட்களுக்கு ரஷ் என்று பெயர். பெண்களின் பெரிய சொரோரிட்டிகளில் இது அட்டவணை போட்டு, சுற்றுச் சுற்றாக, இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுத்து நடக்கும். ஆண்களிடம் அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது; பார்பிக்யூ, கூடைப்பந்து, சும்மா உட்கார்ந்து பேச்சு என்று போகும். கிட்டத்தட்ட நம்மூர்ப் பெண் பார்க்கும் படலம்தான். எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள், கேட்க வேண்டியதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

வீடு இருக்கும் சேப்டருக்குப் போனால் கூடத்துச் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு வருடத்து உறுப்பினர்களும் கோட் சூட்டில் எடுத்த சிறு படங்களை ஒரே சட்டத்தில் அடுக்கி மாட்டியிருப்பார்கள். காம்பஸிட் என்பார்கள் அதை. கையில் கோப்பையோடு சுற்றிப் பார்ப்பது போல வருடங்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள். நடுவில் நான்கு வருடம் காணோமா? அந்தக் காலத்தில் சேப்டரை மூடி வைத்திருந்தார்களா என்று விசாரிக்க வேண்டும். ஒரு வருடம் அறுபது முகம், அடுத்த வருடம் பதினைந்து முகமா? ஏதோ நடந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மூத்த மாணவரிடம், "இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் நல்லது. பேச்சை மாற்றினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழைய ஆட்களைப் பற்றிய கேள்விகள். ஆலோசகராக இருக்கும் பழைய உறுப்பினர் யார், அவர் கடைசியாக எப்போது வந்தார்? வீடு யார் பெயரில் இருக்கிறது? பல இடங்களில் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷன்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். அப்படியிருந்தால் கூரை ஒழுகுவது முதல் குடிப் பிரச்சினை வரை கேட்க ஒரு பெரியவர் இருக்கிறார் என்று பொருள். இலையுதிர் காலத்துக் கால்பந்துப் பருவத்தில் பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் வாரம் வரும். அதற்கு வருபவர்கள் போன வருடம் பட்டம் வாங்கிய ஐந்து பேர் மட்டுமா, அல்லது பிள்ளைகுட்டியோடு வரும் நாற்பது வயதுக்காரர்களும் உண்டா? மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், அங்கே நடந்ததில் மறைக்க வேண்டியது அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. இளசுகள் மட்டும் வார இறுதிக் குடிக்கு வரும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்துப்போனால் பிட் என்று அழைப்புச் சீட்டுத் தருவார்கள். அங்கேயே தலையாட்ட வேண்டாம். எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு வாங்கி, செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

புதிய உறுப்பினர் காலம்: இங்கேதான் ஆபத்து

பிட்டை ஏற்ற நாளிலிருந்து உறுதியேற்பு வரை சில வாரங்கள். அமைப்பின் வரலாறு படிக்கச் சொல்வார்கள், பிக் என்று ஒரு மூத்த உறுப்பினரை உங்களுக்கு இணைத்து வைப்பார்கள். இதுவரை சரி. குடிக்க வைப்பது, தூங்க விடாமல் செய்வது, கண்ணைக் கட்டி எங்கேயோ கூட்டிப் போவது, அடிப்பது எல்லாம் ஹேஸிங்.

நமக்கு ராகிங் தெரியும். 1996ல் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் நம் அப்பா அம்மாவுக்கு நினைவிருக்கும். ஹேஸிங்கில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: நீங்களே விரும்பிப் போய் நிற்கிறீர்கள். "பிடிக்காவிட்டால் போய்விடலாமே" என்று அவர்கள் சொல்வார்கள். போனால் ஆறு வாரம் பழகிய நண்பர்களும் போய்விடுவார்கள். அதனால்தான் பல மாநிலச் சட்டங்கள், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது என்று எழுதி வைத்திருக்கின்றன.

2017ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவர், பிட் ஏற்ற அன்றிரவே அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தார். கூட இருந்தவர்கள் மறுநாள் காலை வரை ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் இறந்தபின் பென்சில்வேனியாவில் சட்டத்தையே கடுமையாக்கினார்கள். இது வெள்ளைக்காரப் பணக்கார வீடுகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2013ல் அதே மாநிலத்தின் மலைப்பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் உயிரிழந்த நியூயார்க் மாணவர் ஆசிய அமெரிக்க ஃப்ரெட்டர்னிட்டியில் சேரப் போனவர். அங்கேயும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்தார்கள். நம்மவர்கள்தானே என்ற நம்பிக்கை இந்த விஷயத்தில் மட்டும் உதவாது.

எனவே மூன்று விஷயம். யாராவது மயங்கிக் கிடந்தால் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். உதவி கேட்டு அழைப்பவரை வயது குறைந்து குடித்ததற்காகத் தண்டிக்காமல் விடும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. உங்களிடமிருந்து போனை வாங்கி வைத்துக்கொள்ளும் எந்த நிகழ்ச்சிக்கும் போகாதீர்கள். மூன்றாவது விசா. அமெரிக்காவில் குடிக்கும் வயது 21. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறையால் முடியும். கல்லூரி இடைநீக்கம் செய்தால் எஃப்-1 நிலையே ஆட்டம் காணும். கூட இருக்கும் அமெரிக்கப் பையனுக்கு அது ஒரு செமஸ்டர் நஷ்டம். உங்களுக்கு ஊருக்கு விமானச் சீட்டு.

படிக்கும்போதே பழைய ஆட்களோடு பழகுவது

சேர்ந்துவிட்டீர்கள். பலரும் வேலை தேடும் கடைசி வருடத்தில்தான் பழைய உறுப்பினர்களின் பட்டியலை எடுப்பார்கள். அது தாமதம். சேப்டருக்குள் பழைய உறுப்பினர்களோடு (அலம்னை) தொடர்பைப் பார்த்துக்கொள்ள அலம்னை ரிலேஷன்ஸ் சேர் என்று ஒரு பொறுப்பு இருக்கும். யாரும் போட்டியிடாத பதவி. தலைவர் பதவிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்குங்கள். செய்தி மடல் அனுப்புவது, ஹோம்கமிங் அன்று வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி உணவு கொடுப்பது, முகவரிப் பட்டியலைத் திருத்துவது என்று சில்லறை வேலைதான். ஆனால் ஒரே வருடத்தில் நூறு பேருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

முதல் கடிதம் எப்படி எழுதுவது? சுருக்கமாக. நீங்கள் யார், எந்த வருடத்தில் சேர்ந்தவர் என்று ஒரு வரி. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்று: அவர் பார்க்கும் வேலை, அல்லது காம்பஸிட்டில் அவர் படம். பிறகு ஒரே ஒரு கேள்வி, அவரால் மட்டும் பதில் சொல்லக்கூடியதாக. "வேலை இருக்கிறதா?" என்பது அந்தக் கேள்வி இல்லை. "சிவில் படித்துவிட்டுத் தரவு அறிவியலுக்கு மாறினீர்களே, எந்தப் பாடம் கைகொடுத்தது? பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்பது பரவாயில்லை. பேசிய மறுநாள் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு இரண்டு மாதம் கழித்து, "நீங்கள் சொன்ன பாடத்தை எடுத்தேன்" என்று ஒரு வரி போடுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். அவர் மறக்காமல் இருப்பதும் இதனால்தான்.

சார், மேடம் என்று கூப்பிடும் நம் பழக்கம் அங்கே இடைவெளியை உண்டாக்கும். எழுபது வயதுக்காரரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார். வாய் வராது, பழகிவிடும்.

விசா மாணவருக்கு இது இன்னும் முக்கியம். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி காலம் 12 மாதம், அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்குக் கூடுதலாக 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அந்த 90 நாளில் அறிமுகமே இல்லாதவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினால் எதுவும் நகராது. தன் நிறுவனத்தில் ஒருவரைப் பரிந்துரைத்தால் ஊழியருக்கே ஊக்கத்தொகை கிடைக்கும் இடங்கள் உண்டு. ஆனாலும் தெரிந்த ஆளைத்தான் பரிந்துரைப்பார்கள். பழைய உறுப்பினர்களிடம் பரிந்துரை கேளுங்கள், விசா ஆலோசனை கேட்காதீர்கள். அங்கேயே பிறந்தவருக்கு ஓபிடி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அதற்குக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் இருக்கிறது.

பட்டம் வாங்கிய பின்

பட்டமளிப்புக்கு முந்தைய வாரமே தலைமையகத்தின் பதிவில் உங்கள் மின்னஞ்சலை மாற்றுங்கள். கல்லூரி முகவரி பல இடங்களில் சில மாதங்களில் மூடப்படும். அதோடு உங்கள் தொடர்பும் அறுந்துவிடும்.

வேலைக்குப் போகும் நகரத்தில் அலம்னை கிளப்போ பட்டதாரிச் சேப்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கல்லூரியில் அதே அமைப்பில் இருந்தவர்களும் அங்கே வருவார்கள். புது ஊரில் வீடு தேடுவதற்கும் சோபா தூக்க ஆள் பிடிப்பதற்கும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. டிவைன் நைன் அமைப்புகளில் பட்டத்துக்குப் பிறகும் சந்தா கட்டினால்தான் முழு உறுப்பினர். பழைய ஃப்ரெட்டர்னிட்டிகள் பலவற்றில் அது உங்கள் விருப்பம்.

நன்கொடை கேட்டுக் கடிதம் வரும். கொடுப்பதற்கு முன் ஒன்று கவனியுங்கள்: அமைப்பின் கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாக வருமான வரிச் சலுகை உண்டு, சேப்டருக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாகக் கிடையாது. கையில் பணம் இல்லாத முதல் வருடங்களில் நேரத்தைக் கொடுங்கள். வருடத்துக்கு இரண்டு மாணவர்களின் ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுத்தால் போதும், ஐம்பது டாலரைவிட அது பெரிது.

சேப்டரில் ஹேஸிங் நடப்பதாகக் காதில் விழுந்தால், "எங்க காலத்துலயும் இருந்ததுதான்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தலைமையகத்துக்கும் கல்லூரிக்கும் தெரிவியுங்கள். பழைய ஆள் சொன்னால்தான் அங்கே எடுபடும். சேப்டரை மூடினாலும் பரவாயில்லை. மூடப்பட்ட சேப்டரைப் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து சில வருடம் கழித்துத் திறந்த கதைகள் நிறைய.

சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்கள் தொடர்பு விட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை. அமைப்பு தொடங்கிய நாளைக் கொண்டாடும் கூட்டங்களைப் பல சேப்டர்கள் ஜூமிலும் வைக்கின்றன. அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் நமக்கு விடிகாலை, காபியோடு உட்காரலாம். இந்தியாவுக்கு வேலையாக வரும் பழைய தோழர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் புதிதாகப் போகும் பையனோ பெண்ணோ இருந்தால், விமானம் ஏறும் முன் அவர்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள். சுவரில் இருக்கும் படங்களை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.